வாய் வைக்காத பாட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கான குறிப்பு என் டயரியில் இரண்டரைப் பக்கம் இருக்கிறது. மற்ற நாட்களுக்கு அரைப் பக்கத்தைத் தாண்டி நான் எழுதுவதில்லை. அந்த இரண்டரைப் பக்கத்துக்குள் ‘சீ’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. அதற்கு முந்தைய மூன்று வருட டயரிகளைப் புரட்டினாலும் ஏழு ‘சீ’ தேறாது.

அன்று நான் ஒரு ட்ரையத்லான் போட்டியை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஏரியில் எழுநூற்று ஐம்பது மீட்டர் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு நொடி ஆனாலும் பட்டியலில் பெயர் வராது, மெடலும் கிடையாது. அடுத்த வருடம் இதில் நானே கலந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அந்தப் பயணம்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. தேஹு ரோட்டில் உள்ள ராணுவத் தளவாடக் கிடங்கில் பரிசோதனைப் பிரிவில் வேலை. தாபோடியில் வீடு. முழங்கால் வலிக்காக நாற்பத்து நாலாவது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். அப்புறம் விடியற்காலையில் மெதுவாக ஓடவும் பழகினேன். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் இருப்பதால், ஒரு வாரக் கடைசியில் கணக்குக் கூட்டிப் பார்த்தபோது இந்தப் போட்டியின் மூன்று தூரங்களையும் அந்த ஒரே வாரத்தில் தாண்டியிருப்பது தெரிந்தது. ஆசை அங்கே தொடங்கியது.

கால் வலுவைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் எச்சிலைப் பற்றித்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து இருபத்து நாலு வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததில்லை. அண்ணாந்துதான் குடிப்போம். பிறர் எச்சில் மட்டுமல்ல, என் வாய் பட்ட டம்ளரே எனக்கு ஆகாது. நீச்சல் குளத்துக்கு ஆறு மணி முதல் பேட்சில்தான் போவேன், அதுவும் கடைசி ஓரத்தில். சைக்கிளில் தாகம் எடுத்தால் ஒரு காலை ஊன்றி நின்று, எவர்சில்வர் பாட்டிலைத் தூக்கிக் குடிப்பேன். ஓட்டத்துக்கு மட்டும் ஒரு முறை கண்டுபிடித்திருந்தேன். வேகத்தைக் குறைத்து, முகத்தை வானத்துக்குக் காட்டி, நாலு எட்டுக்குள் ஒரு வாய் ஊற்றி, அடுத்த நாலு எட்டுக்குள் விழுங்குவது. வேகத்தைத் திரும்பப் பிடிப்பதும் சேர்த்து மொத்தம் ஒன்பது விநாடி. புரையேறாமல் செய்ய ஐந்து மாதம் ஆனது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் என் கணவர். எனக்கு மாமா மகன். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். போட்டியைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே கேட்டார்.

“ஏட்டி, பஸ்ல எவனாவது தும்முனாலே வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிக்கவ நீ. இருநூறு பேரு முங்குத தண்ணில முங்கப் போறியாக்கும்?”

“அதுக்குத்தான் அத்தான், முதல்ல பாக்கப் போறோம்.”

“போறோமா? நான் எதுக்கு?”

“ஸ்கூட்டர் ஓட்ட.”

இருட்டுப் பிரியும் முன்பே கிளம்பினோம். கடக்வாஸ்லாவைத் தாண்டி, மேட்டு நிலத்துக்கு நடுவே ஒரு சின்ன ஏரி. நல்ல குளிர். என் நோட்டில் இடது பக்கங்களில் இருபத்திரண்டு கேள்விகளை எண் போட்டு எழுதியிருந்தேன். வலது பக்கங்கள் பதிலுக்காகக் காலியாக இருந்தன. சைக்கிளை எங்கே நிறுத்துகிறார்கள், ஈரக் காலில் சாக்ஸ் எப்படி ஏறும், நீச்சல் கண்ணாடியில் பனி மூடினால் என்ன செய்வது என்கிற மாதிரிக் கேள்விகள். பதினாலாவது, ‘தண்ணீர் எப்படிக் குடிக்கிறார்கள்?’ கடைசிக் கேள்வி, ‘நான் செய்வேனா?’

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த முதல் காட்சி ஒரு வாசலின் டப்பா. உடை உராயாமல் இருக்கக் கழுத்திலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் தடவிக்கொள்கிறார்கள். அது சரிதான். ஆனால் இருநூறு பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய டப்பாவை மேசையில் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவர் விரலை விட்டு வழித்துக் கக்கத்தில் தேய்த்தார். போதவில்லை போல, அதே விரலை மறுபடி உள்ளே விட்டார். அடுத்தவர் தொடையிலிருந்து எடுத்த கையை அப்படியே டப்பாவுக்குள் கொண்டுபோனார். எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இருந்தது. சுருட்டை முடிகளும் தெரிந்தன. டயரியின் முதல் ‘சீ’ அதற்குத்தான்.

கண்ணாடிக் கேள்விக்கும் விடை உடனே கிடைத்தது. நீச்சல் கண்ணாடியின் உட்பக்கத்தில் காறித் துப்பி, விரலால் பரப்பி, ஏரித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கண்ணில் மாட்டிக்கொள்கிறார்கள். பனி மூடாதாம். ஒருவர் துப்பவில்லை, நாக்காலேயே நக்கிவிட்டார். இன்னொருவர் தன் கண்ணாடியில் துப்பிய பிறகு பக்கத்திலிருந்த நண்பரின் கண்ணாடியையும் வாங்கித் துப்பிக் கொடுத்தார். அந்த நண்பர் ‘தேங்க்ஸ்’ சொன்னார்.

ஒன்பதாவது கேள்வி கழிப்பறையைப் பற்றியது. அங்கே மூன்று பிளாஸ்டிக் அறைகள்தான் இருந்தன, ஒவ்வொன்றின் முன்னாலும் முப்பது பேர். வரிசையில் நிற்காமல் சும்மா கைகால்களை உதறிக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் ஹிந்தியில் கேட்டேன், “இவ்வளவு பெரிய வரிசை இருக்கிறதே, மற்றவர்கள் என்ன செய்வார்கள்?”

“ஆன்ட்டி,” என்று சிரித்தான், “அவ்வளவு பெரிய ஏரி இருக்கிறதே!”

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். குளிருக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று அசையாமல் நின்றது. பல முகங்களில் ஒரே மாதிரி நிம்மதி. யாரோ “கரம் ஹோ கயா” என்று கத்த, சுற்றிலும் சிரிப்பு. தண்ணீர் சூடாகிவிட்டதாம். அந்தத் தண்ணீரில்தான் ஏழு மணிக்கு விசில் ஊதியதும் இருநூறு பேரும் முகத்தைப் புதைத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்கள்.

திரும்பிப் பார்த்தால் அத்தான் தள்ளுவண்டிக்காரரிடம் வடாபாவ் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்.

“நல்லாருக்குட்டி. ஒரு வாய் கடிச்சுப் பாரு.”

“கடிச்சதையா?”

“இந்தப் பக்கம் இன்னும் கடிக்கல.”

“வேண்டாம் அத்தான். அதைக் கொஞ்சம் அந்தால தள்ளி நின்னு தின்னுங்க.”

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைத்தான் நான் குறித்து வைத்திருந்தேன். தொப்பிக்குள்ளிருந்து நரைத்த பின்னல் வெளியே தெரிந்த பெண்மணி. அந்த வாசலின் டப்பாவில் அவரும் விரலை விட்டவர்தான். வயது ஐம்பதை ஒட்டி. கையில் மார்க்கர் பேனாவால் நூற்றுப் பதினேழு என்று எழுதியிருந்தது. நீந்தும் வேகம் ஏறக்குறைய என்னுடையதே. அவரை என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அவர் நேரத்துக்குள் முடித்தால் நானும் முடிப்பேன். ஆபீசில் ஒரு வாஷரைச் சோதிக்க ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் அல்லவா, அப்படி.

அவர் ஏரியிலிருந்து கடைசியாக ஏறினார், ஏழு இருபத்தேழு. அவருக்கு முன்னால் ஏறிய ஒருவர் கரையிலேயே குனிந்து ஏரித் தண்ணீரையும் காலையில் தின்ற வாழைப்பழத்தையும் சேர்த்து வாந்தி எடுத்துவிட்டுப் போயிருந்தார். நூற்றுப் பதினேழு அதை மிதித்துக்கொண்டே ஓடினார். வெறுங்கால். சைக்கிள் நிறுத்திய இடத்தில் உட்கார்ந்து அதே காலைச் சாக்ஸுக்குள் திணித்தார். நான் ஓடிப்போய்க் கழுவச் சொல்லலாமா என்றிருந்தது.

சைக்கிள் பாதையில் நான் அரை மணி நேரம்தான் நின்றேன். ஓட்டிக்கொண்டே மூக்கின் ஒரு துவாரத்தை அடைத்து மறு துவாரத்தால் சீறுகிறார்கள். காற்று எதிரே அடித்ததால் பின்னால் வந்தவர் முகத்தில் அது தெறித்ததைக் கண்ணால் பார்த்தேன். அவர் துடைத்துக்கூடக் கொள்ளவில்லை. பசை மாதிரி ஏதோ ஒரு தித்திப்புப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிழிந்துவிட்டுச் சாலையிலேயே வீசினார்கள். ஒன்று என் செருப்பில் ஒட்டியது. குச்சியால் தள்ளிவிட்டேன். செருப்பை நாளைக்குப் பினாயில் போட்டுக் கழுவ வேண்டும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதினேன்.

அதன் பிறகு ஓட்டப் பாதைக்கு வந்து, முடிவிடத்துக்கு எண்ணூறு மீட்டர் முன்னால் இருந்த தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். பதினாலாவது கேள்விக்கான இடம். இங்கேதான் எனக்கு நிஜமாகவே குமட்டியது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி, அதில் ஸ்பாஞ்சுகள். ஓடி வருகிறவர் ஒன்றை எடுத்து முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்து, வாயிலும் கொஞ்சம் பிழிந்துகொண்டு வீசுகிறார். மேசைக்காரர்கள் அதைத் தரையிலிருந்து பொறுக்கி மறுபடி வாளியில் போடுகிறார்கள். அடுத்தவர் அதையே எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டு தானும் வாயில் பிழிகிறார். வாளித் தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பேப்பர் கப் தீரப்போகிறது என்றதும் பாட்டிலோடு கொடுத்தார்கள். ஒருவர் வாய் வைத்துக் கால்வாசி குடித்துத் திருப்பிக் கொடுத்தார். அது அப்படியே அடுத்தவர் கைக்குப் போனது.

நான் எண்ணினேன். ஒரே பாட்டில் ஐந்து வாய்.

ஒருவர்கூட அண்ணாந்து குடிக்கவில்லை. ஒருவர்கூட.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இருபத்திரண்டாவது கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினேன். மணி எட்டு ஐம்பது. மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் குளித்தால் போதும் என்றிருந்தது.

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் அளவுகோலை எடுத்தால் கடைசி அளவையும் எழுதாமல் விட எனக்கு வராது. நூற்றுப் பதினேழு இன்னும் ஓட்டத்தின் இரண்டாவது, கடைசிச் சுற்றில் இருந்தார். ஒன்பதே காலுக்குள் முடிக்க வேண்டும். காத்திருந்தேன். மேசைக்காரர்கள் வாளியைக் கவிழ்த்துவிட்டு, பாட்டில்கள் தீர்ந்து, சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் வளைவில் தென்பட்டபோது ஒன்பது மணி ஆறு நிமிடம். முகம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. உதட்டோரம் அந்தத் தித்திப்புப் பசை காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. மேசை இருந்த இடத்தைப் பார்த்தார், வெறும் தரை. பிறகு என்னைப் பார்த்தார்; என் கையிலிருந்த எவர்சில்வர் பாட்டிலையும்.

“தாயி, பாணி?”

மராத்தியில் பாணி என்றால் தண்ணீர், தாயி என்றால் அக்கா. எங்கள் ஊர்ப்பக்கம் ‘தாயி’ சின்னப் பெண்களைக் கொஞ்சுகிற சொல். அதைக் கேட்டதும் என்னை அறியாமல் பாட்டிலை நீட்டிவிட்டேன். நீட்டிய அதே கணத்தில் அவர் உதட்டோரப் பசை மறுபடி கண்ணில் பட்டது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“வரூன் ப்யா.”

மேலேயிருந்து குடியுங்கள். அண்ணாந்து குடியுங்கள்.

நாலு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மூச்சு நாய் மாதிரி இரைக்கிற ஒரு மனுஷியிடம் சொன்னேன். அவர் அதை மதித்தார். இந்த ஊரிலும் அப்படிக் குடிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டுதானே. ஓடிக்கொண்டே முகத்தை வானத்துக்குத் தூக்கி, பாட்டிலைச் சாய்த்தார். அகல வாய்ப் பாட்டில். தண்ணீர் மொத்தமாக விழுந்தது. அந்த நேரம் பார்த்து மூச்சை உள்ளே இழுத்திருக்கிறார்.

ஐந்து மாதம் பழகி நான் செய்வதை அவர் ஒரு நொடியில் செய்ய வேண்டியிருந்தது. புரையேறி, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் குனிந்து, கண் பிதுங்க இருமினார். மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. பிறகு உட்கார்ந்தேவிட்டார். நான் உச்சந்தலையில் தட்டினேன். வியர்வையும் ஏரித் தண்ணீரும் ஊறிய அந்த நரைமுடியில் என் உள்ளங்கை பட்டது அப்போது உறைக்கவில்லை. என் இடது கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் முப்பது விநாடி.

எழுந்தார். ஓடினார். நானும் கயிற்றுக்கு வெளியே, சல்வாரும் செருப்புமாக, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினேன். எதற்கு என்று தெரியவில்லை. அத்தான் எங்கிருந்தோ “ஏட்டி, நீ எங்க ஓடுத? உன் போட்டி அடுத்த வருஷம்லா!” என்று கத்தினார்.

முடிவிடத்தில் நிறுத்தியிருந்த அலங்கார வளைவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். பெரிய கடிகாரத்தை நானும் பார்த்தேன், என் கடிகாரத்தையும் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின. ஒன்பது பதினைந்து நாற்பது. அட்டையும் பேனாவுமாக நின்ற பெண் உதட்டைப் பிதுக்கி, “டைம் முடிந்துவிட்டது மேடம், நாற்பது விநாடி,” என்றாள். மெடல் பெட்டியை டேப் போட்டு ஒட்டியாயிற்று.

கழித்துப் பார்ப்பது கஷ்டமான கணக்கு இல்லை. தொண்ணூறிலிருந்து நாற்பது போக ஐம்பது. அந்த ஐம்பது விநாடி மிச்சத்தோடு அவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்.

அவர் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்து மராத்தியில் சொன்னார். போன வருடம் ஏரியிலேயே பாதியில் படகில் ஏற்றிவிட்டார்களாம். இந்த வருடம் இவ்வளவு தூரம். “நீங்கள் ஒருத்தர்தான் தண்ணீர் கொடுத்தீர்கள் தாயி,” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட அருவருப்பு வாசலின் டப்பாவிடமோ வாளியிடமோ ஏற்பட்டதில்லை. என் வாயைத் திறந்து, ‘உங்களை நிறுத்தியது நான்தான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாட்டிலைத்தான் நீட்டினேன்.

இந்த முறை அவர் என்னைக் கேட்கவில்லை. பாட்டில் வாயை உதட்டுக்குள் வைத்து, கண்ணை மூடி, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். திருப்பிக் கொடுக்கும்போது விளிம்பில் பழுப்புப் பசை. அதை அவரும் பார்த்தார். “உஷ்டி ஜாலி,” என்றார், சங்கடமாகச் சிரித்துக்கொண்டே. எச்சிலாகிவிட்டது.

உஷ்டி. இருபத்து நாலு வருடமாகக் கேட்கிற சொல். எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தம் என்று நான் நினைத்திருந்த அருவருப்பு அவருக்கும் பெயர் சொல்லித் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்த டப்பாவில் விரலை விட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை வெந்நீரில் மூன்று முறை தேய்த்தேன். நாலாவது முறைக்குச் சபீனாவை எடுத்தபோது அத்தான் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“பாட்டில் தேஞ்சு டம்ளராயிரும்ட்டி. என்ன முடிவு பண்ணுன? பேரு குடுக்கியா, இல்லியா?”

“நான் ஒருத்தியோட மெடலத் தட்டி விட்டுட்டேன் அத்தான்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் வழக்கம்போல் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். “ஊத்திக் குடின்னா சொன்ன, அந்த நேரத்துல?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார். கிண்டல் செய்திருக்கலாம்.

திங்கட்கிழமை விடியற்காலை ஓடப் போனேன். மிலிட்டரி காலேஜ் சுவரோரம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஓடிக்கொண்டே பாட்டிலை உதட்டில் வைத்தேன். என் பாட்டில், நான் கழுவியது. முதல் வாய் சமாளித்துவிட்டேன். இரண்டாவது வாய்க்கு எடுத்தபோது விளிம்பு ஏற்கெனவே ஈரமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. என் எச்சில்தான். சுவரோரம் துப்பினேன். புதன்கிழமை இரண்டாவது வாய் உள்ளே போனது. வெள்ளிக்கிழமை மூன்று வாய். ஒவ்வொரு முறையும் ‘சீ’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான். ஒரு வாய்க்கு மூன்று விநாடி. வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பிரிவில் பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, மேலே எழுதவும் கூடாது. முதலில் எழுதியது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடுத்த ஞாயிறு நோட்டைத் திறந்து, இருபத்திரண்டாவது கேள்விக்கு எதிரே இருந்த ‘இல்லை’யின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்துச் சுருக்கொப்பம் போட்டேன். கீழே ‘பெயர் கொடுத்தாயிற்று’ என்று எழுதினேன். பதினாலாவதற்கு எதிரே: ‘வாய் வைத்துக் குடிக்கிறார்கள். கேட்பவருக்குக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லக் கூடாது.’

கண்ணாடிக் கேள்விக்கு எதிரே உள்ள இடம் மட்டும், விடை தெரிந்தும், இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. குளத்தில் இரண்டு முறை கண்ணாடியை வாயருகே கொண்டுபோய்விட்டுத் திரும்ப இறக்கிவிட்டேன்.